ஆடிட் நாளில் நின்ற லைன்

வாகன உதிரி பாகத் தொழிலில் முதலீடு செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஓர் ஆலையை எப்படி எடை போடுவது என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எந்திரங்களின் வயது, கையில் இருக்கும் ஆர்டர், தலைக்கு மேல் இருக்கும் கடன், இவற்றையெல்லாம் பார்க்க உங்களுக்குத் தெரியும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்க சர்வீஸ்ல நீங்க எடுத்த நல்ல முடிவு எது மேடம்?" என்று கேட்டீர்கள். யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. பூதலூர் ஆலையில் பணம் போட்டது.

அந்த முடிவை எடுத்தபோது அது நல்ல முடிவு என்று சொல்ல என்னைத் தவிர ஒருவரும் இல்லை. எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

நம் நிறுவனம் அப்போதும் இப்போது செய்வதைத்தான் செய்துகொண்டிருந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி, கார் உதிரி பாகம் செய்யும் சிறிய ஆலைகளில் போடுவது. நாங்கள் பணம் போட்ட ஆலைகள் சென்னையைச் சுற்றியும் ஓசூரிலும் கோவையிலும் இருந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து ஒரு விண்ணப்பம் வந்தபோது அலுவலகத்தில் சிரித்தார்கள். நெல் விளைகிற இடத்தில் காருக்கு என்ன வேலை என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

விண்ணப்பித்தவர் காஜா பாய். அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் கார் ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பியவர். பெரிய குரல், பெரிய கைக்குட்டை. முதல் சந்திப்பில், "எதுக்கு பாய் இந்த வயசுல ஆலை?" என்று கேட்டேன்.

"அடுத்தவன் செஞ்சதை வித்து வித்து அலுத்துப் போச்சு மேடம். நம்ம ஊர்ல செஞ்சதுன்னு ஒரு பொருளை வண்டிக்குள்ள வெச்சுப் பார்த்துடணும்."

ஆசை பாயுடையது, தொழில் தெரிந்தவர் செல்வராணி. பூதலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். இன்ஜினீயரிங் படித்துவிட்டு, சென்னைக்கு வெளியே ஒரு பெரிய வயரிங் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவர். அதே ஊரில் இருந்த மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதால் கணவரோடு ஊருக்கே திரும்பிவிட்டார். இவரைத் தேடிப் பிடித்துப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டதுதான் காஜா பாயின் முதல் புத்திசாலித்தனம். பூதலூரில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லை வாங்கி, கூரையைச் சரி செய்து, வயரிங் ஹார்னஸ் செய்யும் ஆலையாக மாற்றினார்கள். காருக்குள் ஓடும் எல்லா வயர்களையும் அளவாக வெட்டி, ஒவ்வொரு முனையிலும் டெர்மினல் என்கிற சின்ன உலோகக் கொண்டியை எந்திரத்தால் அழுத்திப் பொருத்தி, ஒரே கட்டாகக் கட்டித் தருவதுதான் ஹார்னஸ். புகை கிடையாது, கழிவு நீர் கிடையாது. சுற்று வட்டாரத்து விவசாயிகள் கூட்டமாக வந்து, "தண்ணியை எந்த வாய்க்கால்ல விடப் போறீங்க?" என்று கேட்டபோது, செல்வராணி அவர்களை உள்ளே அழைத்துப் போய் மூலை முடுக்கெல்லாம் காட்டினார். திரும்பிப் போகும்போது அவர்களில் சிலர் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு வேலை கேட்டுவிட்டுப் போனார்கள்.

நானும் தஞ்சாவூர்ப் பக்கம்தான், நன்னிலத்துக்காரி. அது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பூதலூர் கோப்பை என்னிடம் கொடுத்த நாளிலிருந்தே அதை 'மேடத்தோட ஊர் ஆலை' என்றுதான் சொன்னார்கள். அதனாலேயே மற்ற ஆலைகளைவிட இதைக் கடுமையாகச் சோதித்தேன். கேட்ட காகிதத்தையே மறுபடி கேட்டேன். செல்வராணி ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் எங்கள் முதலீட்டுக் குழு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. ஹார்னஸ் வாங்கப்போகும் கார் கம்பெனி ஆலையின் தரத்தை ஆடிட் செய்து தேறியதாகச் சொல்ல வேண்டும். சொன்னால் பணம். சொல்லாவிட்டால் இல்லை.

அந்த ஆடிட் நாளுக்கு நானும் போயிருந்தேன்.

கார் கம்பெனியிலிருந்து வந்தவர் ரங்கநாதன். தர ஆய்வில் ஊறியவர். கொடுத்த டீயைத் தொடவில்லை. யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. காலையில் எந்திரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். அழுத்தம் சரி, அளவு சரி என்று குறித்துக்கொண்டே வந்தார். மதியத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது. காஜா பாய் என் பக்கம் திரும்பிக் கண்ணாலேயே சிரித்தார்.

கடைசி மேஜையில், முடிந்த ஹார்னஸ்கள் அடுக்கியிருந்தன. ரங்கநாதன் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை, சுவரில் இருந்த பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காட்டுவதற்காகச் செல்வராணி ஹெட்லைட்டுக்குப் போகும் வயரைக் கையில் எடுத்தார். எடுத்ததை லேசாக வளைத்தார். டெர்மினல் இரண்டாக உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதே தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து வளைத்தார். அது உடையவில்லை. அதற்கடுத்தது உடைந்தது. குனிந்து, மேஜைக்கடியில் இருந்த டெர்மினல் பெட்டியைப் பார்த்தார். புதிதாக வந்த பெட்டி.

பக்கத்தில் நின்றது காஜா பாயும் நானும்தான். பாய் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

"தங்கச்சி, கொஞ்ச நேரம் பொறுத்துக்க. அந்த ஆளு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பட்டும். அப்புறம் நம்ம உக்காந்து பார்த்துக்கலாம்."

"பாய், போன வாரம் மெட்ராஸுக்கு ட்ரயலுக்குன்னு அனுப்பினோமே, அந்த லாட்டும் இதே சரக்குலதான் செஞ்சோம்."

"தெரியுதும்மா. கொஞ்ச நேரம்தானே கேக்குறேன்."

"இந்நேரம் அதை எடுத்து வண்டில மாட்ட ஆரம்பிச்சிருந்தா? இது ஹெட்லைட்டு வயரு பாய். ஓடுற வண்டில அணைஞ்சா உள்ள இருக்குறவங்க கதி?"

காஜா பாய் என்னைப் பார்த்தார். பணம் கொடுக்கப்போகிற பக்கத்து ஆள் நான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அது உத்தரவு மாதிரி ஆகிவிடும். மறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. உண்மையைச் சொல்லச் சொன்னாலோ, அவர்கள் என்ன செய்பவர்கள் என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். எங்கள் தொழிலில் பேசாமல் நிற்பதும் ஒரு வேலை என்பதை அன்று முழுசாக உணர்ந்தேன்.

பாய் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வளைகுடாவில் சம்பாதித்தது முழுக்க அந்தக் கூரைக்கு அடியில்தான் இருந்தது.

"நிறுத்தும்மா," என்றார்.

உற்பத்தி லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைச் செல்வராணி அழுத்தினார். லைன் நின்றது. மேலே மின்விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ரங்கநாதன் திரும்பினார். செல்வராணி நேராக அவரிடம் போய், உடைந்த துண்டுகளை நீட்டினார்.

"சார், நான்தான் லைனை நிறுத்தினேன். டெர்மினல்ல விரிசல் விடுது. போன வாரம் உங்களுக்கு அனுப்பின லாட்டை வண்டில மாட்ட வேணாம்னு சொல்லிடுங்க. நாங்க திருப்பி எடுத்துக்கிறோம்."

அவர் துண்டைப் புரட்டிப் பார்த்தார். "இந்த டெர்மினல் நாங்க சொன்ன கம்பெனிலதானே வாங்குறீங்க? எங்க சப்ளையர் எல்லாரும் இதைத்தான் போடுறாங்க. வேற எங்கயும் விரிசல் வரலையே. உங்க மெஷின் ஜாஸ்தி அழுத்துது."

"மெஷினைக் காலைல நீங்களே பார்த்து ஓகே பண்ணீங்க சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "வேலை தெரியலைன்னா ஒத்துக்கணும். சரக்கு மேல பழி போடக் கூடாது. நெல்லு அரைச்ச இடத்துல ஹார்னஸ் செய்ய வந்தா இப்படித்தான்." அங்கேயே நின்று 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கார் வாசலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

காஜா பாய் ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் யாரும் உட்காரவில்லை.

இந்த இடத்தில்தான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். செல்வராணி செய்தது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் பெருமைப்படுவதற்கு எனக்குச் சம்பளம் இல்லை. ரங்கநாதன் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். எந்திரம் கூடுதலாக அழுத்தினால் நல்ல டெர்மினலும் விரிசல் விடும். நேர்மையானவருக்கும் வேலை தெரியாமல் இருக்கலாம். அதனால் கேட்டேன்.

"அவர் சொன்னது சரியா இருந்தா, செல்வராணி?"

"இருந்தா என் தப்பு மேடம். இப்பவே பார்த்துடுவோம்."

அப்போதே ஆரம்பித்தோம். ஒவ்வொரு எந்திரத்திலும் முதலில் பழைய பெட்டி டெர்மினலை வைத்து அழுத்தினார்கள், பிறகு புதிய பெட்டியிலிருந்து. எல்லோரும் கை போட்டு வளைத்தோம். நானும் விரல் கன்றிப் போகும்வரை வளைத்தேன். பழைய பெட்டிச் சரக்கு எந்த எந்திரத்தில் போனாலும் உடையவில்லை. புதிய பெட்டிச் சரக்கு எந்த எந்திரத்தில் போனாலும் நடுநடுவே உடைந்தது. எந்திரமே தொடாத ஒரு புதிய டெர்மினலை வெறும் கையால் வளைத்தார் செல்வராணி. அதுவும் உடைந்தது.

காஜா பாய் பெட்டி மேலிருந்து எழுந்தார். பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. "வேனை எடுங்கப்பா! மெட்ராஸ்ல கிடக்குற லாட்டை நானே போய் அள்ளிட்டு வர்றேன்."

சொன்னபடியே போனார். கார் கம்பெனியின் கிடங்கில் சரக்கைத் திருப்பித் தர மாட்டோம் என்று இழுத்தடித்தார்கள். எனக்குப் போன் வந்தது. "மேடம், கேட்டுக்கு எதிர்ல ஒரு டீக்கடை இருக்கு. பெஞ்சும் இருக்கு. குடுக்குற வரைக்கும் நான் எழுந்திரிக்கப் போறதில்ல." கடைசியில் கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, அந்த லாட்டிலிருந்து ஒன்றுகூட வண்டியில் ஏறியிருக்கவில்லை. உடைந்த துண்டுகளையும் சோதனை விவரங்களையும் கார் கம்பெனிக்கு அனுப்பினோம். பதிலே இல்லை.

அடுத்தது எங்கள் முதலீட்டுக் குழு. அப்போது எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம். தலைவர் பூதலூர் கோப்பைத் திறக்கவேயில்லை.

"ஆடிட்ல ஃபெயிலான கம்பெனி. இதுல பேச என்ன இருக்கு?"

"மேடத்துக்கு ஊர்ப்பாசம் சார்," என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கைப்பையிலிருந்து புதிய பெட்டி டெர்மினலை ஒரு பிடி எடுத்து மேஜை மேல் கொட்டினேன். "ஆளுக்கு ஒண்ணு எடுத்து வளைச்சுப் பாருங்க," என்றேன். விளையாட்டு போல எடுத்தார்கள். ஊர்ப்பாசம் என்று சொன்னவர் கையில் இருந்தது முறியவில்லை. தலைவர் கையில் இருந்தது சட்டென்று முறிந்தது. சிரிப்பு நின்றது.

"சார், நம்ம பணம் போட்டிருக்கிற மத்த ஹார்னஸ் ஆலைகளும் இதே கம்பெனி டெர்மினலைத்தான் போடுறாங்க. அவங்க யாருமே வாயைத் திறக்கலை. அவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், தெரிஞ்சும் சும்மா இருக்கலாம். ரெண்டுமே எனக்குப் பயமா இருக்கு. ஆடிட்டர் நிக்கும்போதே, பணம் போயிடும்னு தெரிஞ்சே லைனை நிறுத்தினவங்க பூதலூர்ல மட்டும்தான் இருக்காங்க. நான் பணம் போடுறதா இருந்தா அங்கதான் போடுவேன்."

தலைவர் முறிந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க பொறுப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்குறேன் சார்."

அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. கார் கம்பெனியிடமிருந்து ஏதாவது தகவல் வரட்டும் என்று ஒத்திப்போட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பதவி உயர்வு போனது போலத்தான் என்று வீட்டில் சொன்னேன்.

பூதலூரில் ஆர்டர் இல்லை. அது நடவு நேரம். வயலில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், கூலியும் நன்றாக இருந்தது. செல்வராணி பெண்களைக் கூட்டி உள்ளதைச் சொன்னார். "போறவங்க போகலாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்." மலர்க்கொடி என்ற பெண் எழுந்து, "காலைல நடவுக்குப் போயிட்டு மத்தியானம் இங்க வந்தா ஒத்துக்குவீங்களாக்கா?" என்று கேட்டாராம். அப்படியே நேரத்தை மாற்றினார்கள். திரும்பி வந்த லாட்டை முழுக்கப் பிரித்து, பழைய பெட்டிச் சரக்கைப் போட்டு மறுபடி கட்டினார்கள். பிறகு வந்த டெர்மினல் பெட்டி ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்து வளைத்துப் பார்த்து, தேறியதை மட்டும் உள்ளே விட்டார்கள், மற்றதைத் திருப்பி அனுப்பினார்கள். நான் போனபோது மேல்தட்டு வரைக்கும் ஹார்னஸ் அடுக்கியிருந்தது.

"யாருமே கேக்காத சரக்கை எதுக்கு இவ்வளவு செஞ்சு வெக்கிறீங்க?"

"கேப்பாங்க மேடம்," என்றார் செல்வராணி. "விரிசல் எங்க கற்பனையா? மத்தவங்க அனுப்புற ஹார்னஸ்லயும் அதே டெர்மினல்தானே இருக்கு. ஒரு நாள் அவங்க கையிலயே உடையும். அன்னிக்கு நல்லது எங்க இருக்குன்னு தேடுவாங்க."

தேடினார்கள். கார் கம்பெனியின் கடைசிச் சோதனையில் புது வண்டிகளின் ஹெட்லைட் எரியவில்லை. ஒன்றிரண்டு அல்ல, வரிசையாக. பெரிய சப்ளையர் ஒருவர் செய்த ஹார்னஸ். பிரித்துப் பார்த்தால் உள்ளே உடைந்த டெர்மினல். மாற்றிப் போட நல்ல ஹார்னஸ் கையில் இல்லை. ஓரிரு நாளில் கார் கம்பெனியின் உற்பத்தியே நிற்கும் நிலை. ரங்கநாதன் பூதலூருக்குப் போன் செய்தார், நேரில் வருவதாகச் சொன்னார். செல்வராணி என்னையும் வரச் சொன்னார்.

நானும் ரங்கநாதனும் ஒரே ரயிலில் வந்திருக்கிறோம் என்பது பூதலூர் நடைமேடையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு டீயைத் தொடாத அந்த மனிதர் என் பையை வாங்கிக்கொண்டார். ஆட்டோவில் ஏறியதும் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், அந்தம்மா என்னை உள்ள விடுவாங்களா?"

"விடுவாங்க. ஆனா சும்மா விட மாட்டாங்க," என்றேன்.

செல்வராணி வாசலுக்கே வந்து, "வாங்க சார்," என்று அழைத்துப் போனார். அடுக்கியிருந்த ஹார்னஸைப் பார்த்ததும் ரங்கநாதன் அப்படியே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் நல்ல டெர்மினலா?"

"ஒவ்வொரு பெட்டிலயும் வளைச்சுப் பார்த்து எடுத்தது சார்."

"உடனே லோடு ஏத்துங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிறோம்."

"எப்படி சார் எடுப்பீங்க? ஆடிட்ல ஃபெயிலான கம்பெனியாச்சே. முதல்ல ஆடிட்டை முடிங்க."

காஜா பாய் கைக்குட்டையை எடுத்தார். ஆர்டர் கையில் வந்து விழும்போது இந்தப் பெண் இப்படிச் சொல்கிறாளே என்று என்னைப் பார்த்தார். ரங்கநாதன் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "டீ குடுங்க," என்றார். குடித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்து, எதையும் விடாமல் ஆடிட்டை முடித்தார். சலுகை ஒன்றும் காட்டவில்லை, செல்வராணி கேட்கவும் இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு லைனுக்கு நடுவில் போய் நின்று, பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீங்க சொன்னதுதான் சரி."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்னைக்குக் கிளம்பின. கார் கம்பெனியின் லைன் நிற்கவில்லை. பூதலூர் சரக்கு போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது.

குழுத் தலைவர் நான் எழுதிக் கொடுத்த தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இது தேவையில்லை," என்று சொல்லிவிட்டு, பாய் கேட்டதைவிடக் கூடுதல் பணத்துக்கு அனுமதி தந்தார். பதவி உயர்வும் வந்தது, கொஞ்சம் தாமதமாக. டெர்மினல் செய்த கம்பெனி தன் உலோகத்தை மாற்றியது. நாம் பணம் போட்ட மற்ற ஆலைகளிலும் வந்த சரக்கை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்று விதி வந்தது. இன்றும் சில இடங்களில் அதற்குப் பெயர் பூதலூர் டெஸ்ட். நீங்கள் ஆலைகளுக்குப் போகும்போது காதில் விழும். எங்கிருந்து வந்த பெயர் என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

ஓர் ஆலையில் சிவப்புப் பொத்தானை யார் அழுத்தலாம் என்று விசாரியுங்கள். பிறகு, கடைசியாக எப்போது அழுத்தினார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் நானாக இருந்தால் பணம் போட மாட்டேன்.

இரண்டாவது கட்டடம் திறந்த நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கார் கம்பெனி ஒரு புது வண்டியைப் பூதலூருக்கு அனுப்பியிருந்தது, ஆலைக்காரர்கள் பார்க்கட்டும் என்று. நெல் காயப்போட்ட பழைய சிமெண்ட் களத்தில் அதை நிறுத்தினார்கள். அந்த வண்டிக்குள் ஓடும் வயரெல்லாம் அங்கே இருந்த பெண்கள் கட்டியது. ஆனால் அந்த வண்டியில் அவர்கள் ஒருவரும் அதுவரை உட்கார்ந்ததில்லை. ஒவ்வொருவராக ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் இண்டிகேட்டரைப் போட்டார், ஒருவர் கண்ணாடியை இறக்கி ஏற்றினார். காஜா பாய் உள்ளே ஏறி ஹாரனை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். சாலையில் போன பஸ் நின்று, ஜன்னல்களில் தலைகள் நீண்டன. மலர்க்கொடி எதை அழுத்தினாரோ, வைப்பர் ஓட ஆரம்பித்தது. நல்ல உச்சி வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. அதை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. வைப்பர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செல்வராணி வண்டிக்கு முன்னால் நின்று, கை இரண்டையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.